மானேஜரின் இங்கிலாந்தும் எங்கள் ஜவ்வாது மலையும்!

எங்கள் மானேஜர் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தார். வரும்போது எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சாக்லெட்டும், மொத்தமாக 640 போட்டோக்களும் கொண்டுவந்தார். சாக்லெட் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. போட்டோதான் மூன்று நாள் லஞ்ச் டயத்தை விழுங்கிவிட்டது.

பாதிப் படங்கள் ஒரே மாதிரி. தேன் நிறத்தில் ஒரு கல் வீடு. அதன் முன்னால் மஃப்ளரோடு மானேஜர். அடுத்த படத்தில் வேறு கல் வீடு, அதே மஃப்ளர்.

"காட்ஸ்வோல்ட்ஸ்னு பேருய்யா. மாப்பிள்ளை காரை ஓரமா நிறுத்திட்டு நடக்க வச்சுட்டார். கிராமம் கிராமமா நடை. தோ, இது பைபரி. இந்த வீட்டு வரிசையை 1380ல கம்பளி சேர்த்து வைக்கக் கட்டினாங்களாம். அப்புறம் நெசவாளிங்க குடியிருந்தாங்க. இன்னும் அப்படியே நிக்குது பாரு!"

நெசவாளி வீடு 600 வருஷம் நிற்கிறது என்பதைக் கேட்டு எங்கள் டெஸ்பாட்ச் கிளார்க் (பூர்விகம் ஆரணி, தறிக்காரக் குடும்பம்) பெருமூச்சு விட்டார். அவர் வீடு போன மழையில் ஒழுகியது.

"அந்த நாட்டுல ஒத்தையடிப் பாதைக்குக்கூடச் சட்டம் இருக்குய்யா. 1949லயே போட்டுட்டான். பாதையை எல்லாம் மேப்ல குறிச்சு, ஜனங்க நடக்கற உரிமையை எழுதி வச்சிருக்கான். வயலுக்கு நடுவுல போனாலும் சரி, பண்ணைக்காரன் மறிக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர்! பாதைக்குக் குறுக்கே ஆடு மாடு புகாம ஒரு கேட் வச்சிருக்கான் பாரு, அதுக்குப் பேரு..." என்று ஆரம்பித்தவர், டைப்பிஸ்ட் அம்மா பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு தனியாகப் பிடித்துக் கேட்டோம். 'கிஸ்ஸிங் கேட்'டாம். கதவு இரண்டு பக்கக் கம்பத்தையும் மாறி மாறித் தொட்டு நிற்பதால் அந்தப் பெயர். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை!

இதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. மூன்றாம் நாள் கடைசிப் போட்டோ முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நீ எந்த ஊர்யா? திருப்பத்தூர்தானே? அங்க இப்படி நடந்து பார்க்க என்ன இருக்கு... பிரம்மா கோயில் ஒண்ணு, தலையெழுத்தை மாத்துமாமே?" என்றார்.

"அது திருச்சி பக்கத்துத் திருப்பட்டூர் ஸார்."

"அப்ப மருது சகோதரர்களைத் தூக்கில போட்டது?"

"அது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர் ஸார். 1801."

"அப்ப உன் திருப்பத்தூர்ல என்னதான்யா இருக்கு?"

ஆபீஸே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு சி.எல். எழுதிக் கொடுத்தேன். டெஸ்பாட்சும், அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பரும், "நாங்களும் வர்றோம்" என்று ஒட்டிக்கொண்டார்கள். வியாழன் சாயங்காலம் சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ். ராத்திரி ஜோலார்பேட்டை. அங்கிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம்.

வெள்ளிக்கிழமை காலை இட்லி முடிந்ததும் ஊர் சுற்றல். எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். என் கொள்ளுத்தாத்தா பிறந்தது சேலம் ஜில்லா. தாத்தா பிறந்தது வட ஆற்காடு ஜில்லா. நான் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அக்கா பையன் வேலூர் மாவட்டம். என் மகள் திருப்பத்தூர் மாவட்டம். எல்லாரும் பிறந்தது ஒரே தெரு, ஒரே வீடு! 1911ல் சேலத்திலிருந்து பிரித்தார்கள். 1989ல் வட ஆற்காட்டை இரண்டாக்கினார்கள். அப்புறம் வேலூர் என்று பெயர் மாற்றினார்கள். 2019 நவம்பர் 28ல் தனி மாவட்டம். நாங்கள் நகரவே இல்லை, போர்டுதான் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

"இங்கிலீஷ்காரன் சம்பந்தமா ஏதாவது காட்டுப்பா, மானேஜருக்குப் பதில் சொல்லணும்ல" என்றார் அக்கவுண்ட்ஸ்.

காட்டுவதற்குக் கட்டடத்தைவிடக் கதைதான் பெரிது. 1792ல் திப்பு சுல்தானோடு உடன்படிக்கை ஆனபோது பாராமஹால் என்ற இந்தச் சீமை கம்பெனிக்காரன் கைக்குப் போனது. நிர்வாகம் பார்க்க வந்தவர் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட். பட்டாளத்து ஆள். தலைமை இடமாக வைத்துக்கொண்டது எங்கள் திருப்பத்தூரை. அவருக்குக் கீழே மன்றோ, கிரஹாம், மெக்லியோட் என்று உதவியாளர்கள். நடுவில் ஜமீன்தார் யாரும் வேண்டாம், நிலத்தை அளந்து, மண்ணைப் பார்த்து, உழுகிறவனிடமே நேராக வரி வாங்குவது என்ற ரயத்வாரி முறைக்கு இங்கேதான் விதை போட்டார்கள். பிற்பாடு மன்றோ சென்னைக்கு கவர்னராகி, ராஜதானி முழுக்க அதைக் கொண்டுபோனார். இன்றைக்கு உங்கள் அப்பா பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பட்டாவுக்குக் கொள்ளுத்தாத்தா எங்கள் ஊர்க்காரர் என்று அர்த்தம்.

இதைக் கேட்டதும் அக்கவுண்ட்ஸ் நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பிளாட்டுக்குப் பட்டா மாத்தித் தரச் சொல்லி மூணு வருஷமா ஒரு ஆபீஸுக்கு நடக்கறேன். அந்த ரீட் துரை வீடு எங்கப்பா இருக்கு? ரெண்டு வார்த்தை கேக்கணும்!"

அவரைச் சமாதானப்படுத்திக் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குக் கூட்டிப் போனேன். 1921ல் ஆரம்பித்தது. இரண்டு டாக்டர்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர், கம்பளி நூல் ஆலைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வாழ்ந்தார்கள். ஜனங்களுக்கு இவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். வெள்ளைக்காரருக்குத்தான் சின்னண்ணன் என்று பெயர்! ஜெபாலயத்தைப் பார்த்தால் கோயில் என்றுதான் நினைப்பீர்கள். நம்மூர் முறையில் கட்டியிருக்கிறார்கள்.

1932ல் சின்னண்ணன் சென்னைக்குப் போயிருந்தபோது அந்நியத் துணிக்கடை மறியலை நின்று பார்த்திருக்கிறார். கதர் போட்டிருந்தது போதாதா? போலீஸ் அடித்து, பிடித்துக்கொண்டும் போய்விட்டது. விஷயம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரை போய்க் கேள்வி கேட்டார்கள். "மானேஜர் மஃப்ளர் போட்டார், இவர் கதர் போட்டார்" என்றார் டெஸ்பாட்ச். அவர் பேசுவது குறைவு. பேசினால் இப்படித்தான்.

மதியம் மலையடிவாரத்துக்கு பஸ் ஏறினோம்.

ஜவ்வாது மலை திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் படுத்திருக்கிற பெரிய மலைக்கூட்டம். செய்யாறு புறப்படுவது இங்கேதான். எங்கள் தாலுகாவுக்கு மேலே இருப்பவை புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள். ஆமாம், மலையில் ஊராட்சிக்கே 'நாடு' என்றுதான் பெயர். காலையில் ஒரு நாட்டில் காபி, மத்தியானம் இன்னொரு நாட்டில் சாப்பாடு என்றால் மானேஜர் ஆடிப்போக மாட்டாரா!

வழிகாட்ட வந்தவர் என் தம்பியோடு தூய நெஞ்சக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்த மலைக்காரப் பையன். 26 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, லீவுக்கு வந்திருந்தார். புதூர்நாட்டுக்கு பஸ் ரோடு இருக்கிறது. அவருடைய ஊருக்கு இல்லை. "பஸ்ல போய் அப்புறம் ஜீப்ல போறதுன்னா சுத்து வழி ஸார். ஒத்தையடிப் பாதைல ஏறினா மூணு மணி நேரம்" என்றார். எங்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நாலரை" என்று திருத்தினார்.

அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்தான் கேட்டுக்கொண்டார். "பேரைப் போட்டா அடுத்த ஞாயித்துக்கிழமையே பாட்டிலோட வந்துடுவாங்க ஸார்."

அடிவாரத்து டீக்கடையில் ஒரு செவலை நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. டெஸ்பாட்ச் போட்ட பொறைக்கு விசுவாசம். முதல் ஏற்றத்திலேயே அக்கவுண்ட்ஸ் நண்பருக்கு மூச்சு வாங்கியது. 'இயற்கையை ரசிக்க' என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் ரசித்த இடங்களை எண்ணினேன். 17.

பாதையில் எதிரே ஒரு ஆயா வந்தார். தலையில் ஒரு மூட்டை சீத்தாப்பழம், காலில் செருப்பு கிடையாது. எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"எங்கடா கண்ணு போறீங்க? யாரு வூட்டுக்கு?"

"சும்மா ஆயா. நடந்து பார்க்கலாம்னு வந்தோம்."

"சும்மாவா?" ஆயா எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு வழிகாட்டித் தம்பியிடம், "பஸ்ஸுக்குக் காசு இல்லாத பசங்களாடா? பாவம், பழம் குடு" என்று நாலு பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் போட்டிருந்த மூன்று ஜோடி ஷூக்களின் விலையைக் கூட்டினால் ஆயாவின் மூன்று மாசச் சந்தை வருமானம் வரும். பழம் இனிப்பாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சரியாக இறங்கவில்லை.

இன்னும் மேலே போனதும் ஒரு சாமைக் கொல்லை. சுற்றிலும் முள்வேலி. பாதை குறுக்கிடும் இடத்தில் மூங்கில் படல் சாத்தியிருந்தது. அதைத் தூக்கி நகர்த்தி எங்களை விட்டுவிட்டுத் திரும்பவும் சாத்தினார் தம்பி. "கொல்லை யாருதுப்பா?" என்றேன். "எங்க பங்காளிது. ஆனா பாதை எல்லாருக்கும். படல் தொறந்தா சாத்தணும், அவ்ளோதான் சட்டம்" என்றார். 1949 எல்லாம் இங்கே தேவைப்படவில்லை. நாங்கள் அதற்கு 'கிஸ்ஸிங் படல்' என்று பெயர் வைத்தோம். தம்பிக்கு அர்த்தம் சொன்னதும் சிரித்து உருண்டுவிட்டார்.

சூரியன் சாய்கிற நேரத்தில் ஒரு பெரிய புளியமரம். அடியில் நாலு பேர் உட்காரலாம் போல ஒரு பாறை. அக்கவுண்ட்ஸ் 18வது தடவை இயற்கையை ரசிக்க உட்கார்ந்தார்.

"இதுதான் ஸார் நான் பொறந்த ஊர்" என்றார் தம்பி.

சுற்றிப் பார்த்தோம். வீடு எதுவும் இல்லை.

"ஊர் இல்ல ஸார். இந்த மரம். அம்மாவுக்கு ராத்திரி வலி வந்துச்சாம். டோலி கட்டி நாலு பேர் தூக்கிக்கிட்டு எறங்கினாங்க. இந்த எடம் வர்றதுக்குள்ள நான் அவசரப்பட்டுட்டேன். கூட வந்த பாட்டிதான் பார்த்தாங்க. கீழ கொண்டுபோகாம அப்படியே திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"பர்த் சர்டிபிகேட்ல என்ன ஊர் போட்டாங்க?" இது அக்கவுண்ட்ஸ். எதிலும் வவுச்சர் கேட்டே பழக்கம்.

"சர்டிபிகேட் எங்க ஸார்? பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப ஜூன் மாசம்னு வாத்தியாரே போட்டுக்கிட்டார். எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் மாசம்தான் பொறந்த நாள். ஆனா நான் பொறந்தப்ப புளி உலுக்கற காலம்னு அம்மா சொல்லும். அப்ப மாசி, பங்குனியா இருக்கும்."

அந்தப் பாதையில் இப்படி நிறைய இருந்தது. இந்தப் பாறையில் கரடி உட்கார்ந்திருந்தது. இந்த வளைவில் டோலியை மாற்று ஆளுக்குத் தோள் மாற்றுவார்கள். இந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும். பைபரியில் 1380 என்று எழுதி வைத்திருக்கிறான். இங்கே எழுதாததால் கூட ஒருவர் வந்தால்தான் எதுவும் தெரிகிறது. தனியாக வந்திருந்தால் நாங்கள் அதை வெறும் புளியமரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்போம்.

ஒரு சின்ன ஓடை குறுக்கிட்டது. கல் மேல் கால் வைத்துத் தாண்டினோம். செவலை நாய் மட்டும் இக்கரையிலேயே நின்றுவிட்டது. டெஸ்பாட்ச் கெஞ்சினார். பொறை காட்டினார். ம்ஹும். வாலை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடியே போய்விட்டது.

"மேல எங்க ஊர் நாய்ங்க விடாது, அதுக்குத் தெரியும்" என்று சிரித்த தம்பி, "நாய் திரும்பிப் போனதாலதான் ஸார் நாங்க இங்க இருக்கோம்" என்று ஒரு கதை சொன்னார்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஏழு அண்ணன் தம்பிகள். மலை வேடர்கள் பெண் கேட்க, தர மறுத்தார்களாம். கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்க அந்த ஏழு பேரும் கிளம்பினார்கள், கூடவே ஏழு நாய்கள். "நாய் மட்டும் தனியா திரும்பி வந்தா, நாங்க செத்துட்டோம்னு காரியம் பண்ணிடுங்க" என்று பெண்டாட்டிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் நீந்திவிட்டார்கள், நாய்கள் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டன. வேடர்களை வென்றுவிட்டு இவர்கள் ஊருக்கு வந்தால், பெண்டாட்டிகள் தாலியறுத்துக் காரியமும் முடித்துவிட்டிருந்தார்கள். செத்தவர்கள் எப்படி உயிரோடு குடும்பம் நடத்துவது? மலைக்கே திரும்பி, வேடர் குலப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சம்தான் மலையாளிகள். கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆளுகிறவர் என்ற பொருளில் மலையாளி. எட்கர் தர்ஸ்டன் என்ற இங்கிலீஷ்காரர் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய புத்தகத்திலும் இந்தக் கதை இருக்கிறது.

"நாய்ங்க மேல தப்பே இல்ல ஸார். எல்லா நாயும் அப்படியும் இல்ல. மலைக்குத் தெக்க செங்கம் பக்கத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்த கள்ளனுங்களோட சண்டை போட்டு ஒரு வீரன் செத்துட்டான். பக்கத்துல நின்னு ரெண்டு கள்ளனைக் கடிச்ச நாயையும் கல்லுல செதுக்கி, பேரும் வெட்டி வச்சிருக்காங்க. கோவிவன்!" என்றார். பி.ஏ. தமிழ் வீண் போகவில்லை. 1,400 வருஷமாகக் கல்லில் பெயர் இருக்கிற நாய். எங்கள் ஆபீஸில் 35 வருஷம் வேலை பார்த்து ரிட்டையரானவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது ஓடவில்லை.

இருட்டும்போது ஊர் வந்தது. கூரையும் ஓடுமாக முப்பது வீடு இருக்கும். மரத்தடியில் பிள்ளையார். பக்கத்தில் குவியலாகச் சில கற்கள். கையில் அடங்குகிற அளவு, வழவழவென்று ஒரு முனை கூராக, மஞ்சள் குங்குமத்தோடு. டெஸ்பாட்ச் ஒன்றைத் தொடப்போனார். "தொடாதீங்க ஸார், சாமி" என்றார் தம்பி. புதிய கற்காலத்துக் கோடாரிகள்! உழும்போது கிடைப்பதை யாரும் தூக்கி எறிவதில்லை. பிள்ளையாரோடு சேர்த்துவிடுவார்கள். 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டுபிடித்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பெயரைப் படித்திருப்பீர்கள். அவர் வருவதற்கு முன்பிருந்தே மலை ஜனங்கள் இதைப் பத்திரமாக வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இதே மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடி போட்ட கல்திட்டைகள் நிறைய உண்டு. ஜனங்கள் குள்ளர் குகை என்பார்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடாம். உண்மையில் அவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள்.

ராத்திரிச் சாப்பாடு சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. சாமைச் சோற்றை நான் சென்னையில் 'டயட்' என்ற பெயரில் தட்டு 180 ரூபாய்க்குச் சாப்பிட்டிருக்கிறேன். தம்பியின் அம்மா மூன்றாவது தடவை போட்டுவிட்டு, "அரிசி வாங்கி வைக்கல, மன்னிச்சுக்குங்க" என்றார்!

சாப்பிட்டுவிட்டு வாசலில் பாய் போட்டுப் படுத்தோம். செல்போனில் டவர் இல்லை. வானத்தில் இத்தனை நட்சத்திரம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று சில்லென்று வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இந்தப் பாதையை இப்படியே வச்சிருக்கணும்ப்பா. ரோடு கீடு வந்தா எல்லாம் கெட்டுப்போயிடும்" என்றேன்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகத்தான் கேட்டார். கோபம் இல்லை. "நீங்க வருஷத்துக்கு ஒரு நாள் வந்து நடக்கறதுக்காக நாங்க ரோடு இல்லாம இருக்கணுமா ஸார்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"அல்லேரி மலை கேள்விப்பட்டிருப்பீங்க. வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம். 2023 மே மாசம். ஒண்ணரை வயசுக் கொழந்தையைப் பாம்பு கடிச்சிடுச்சு. ரோடு இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. திரும்பி வர்றப்ப ஆம்புலன்ஸ் பாதி வழியில நின்னுடுச்சு, மேல ஏறாது. பெத்தவ கொழந்தையைக் கையில தூக்கிக்கிட்டு நடந்தே ஊருக்குப் போனா. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அதுவும் இதே மாதிரிப் பாதைதான் ஸார். ரசிக்கற மாதிரித்தான் இருக்கும்."

அக்கவுண்ட்ஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தம்பி இன்னும் சொன்னார். ஒரு காலத்தில் இந்த மலை முழுக்கச் சந்தனம். திருப்பத்தூரில் இருக்கும் அரசாங்கச் சந்தனக் கிடங்கில் ஏலம் நடந்தால் வடநாட்டு வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். அந்தப் பக்கம் போனாலே வாசனை என்று என் அப்பாவும் சொல்லுவார். திருட்டு வெட்டில் சந்தனம் அருகிப் போனது. மரம் வெட்டத் தெரிந்த கைகளுக்கு வேலை இல்லை. புரோக்கர்கள் அட்வான்ஸ் கொடுத்து ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்ட மலைக்காரர்கள் பலர்.

"எங்க ஊருக்கும் அந்த வருஷம் புரோக்கர் வந்தான். இந்தப் பாதை வழியாத்தான். எங்க அண்ணனுக்கு அன்னிக்கு ஜுரம். அதனால போகல" என்றார். உள்ளே அண்ணன் குறட்டை விடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை இறங்கி, திருப்பத்தூர் வந்து, ஆலங்காயம் பஸ் பிடித்து, காவலூர் ரோட்டில் பாதி தூரம் நடை, பாதி தூரம் லிஃப்ட். காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் இதே ஜவ்வாது மலையில், எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளே பாதிப் பேர் பார்த்ததில்லை. டாக்டர் வைணு பாப்பு விளக்கு வெளிச்சமும் தூசியும் இல்லாத இடம் தேடி அலைந்து பிடித்த காடு. சுமார் 725 மீட்டர் உயரம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் பார்க்கலாம். 1968ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்தார்கள். 1972ல் வியாழனின் நிலாவான கானிமீடில் லேசாகக் காற்று மண்டலம் இருப்பதற்குத் தடயம் பிடித்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸுக்கு வளையம் இருப்பதை உலகம் கண்டுபிடித்ததே, அந்த ராத்திரி இங்கேயும் அது பதிவாகியிருக்கிறது. 1988ல் கண்டுபிடித்த சின்னக் கோள் ஒன்றுக்கு 'ராமானுஜன்' என்று பெயர்.

2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. பாப்பு அதற்காகவே பாடுபட்டார். ஆனால் 1982ல் காலமாகிவிட்டார், அது வானத்தைப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அதற்கு அவர் பெயரையே வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மேகம் இல்லாவிட்டால் பொதுஜனங்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில் வானம் காட்டுவார்கள். வரிசையில் நின்றோம். டெஸ்பாட்ச் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. பின்னால் ஒரு சின்னப் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். "எவ்வளவு தூரத்தை இவ்வளவு கிட்டக் கொண்டு வந்துட்டாங்க..." என்றவர், ரோடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. முந்தின நாள் ராத்திரி அவரும் தூங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ். மானேஜர் ஆவலாகக் கேட்டார், "என்னய்யா, போட்டோ எங்கே?" என் போனில் இருந்தது மொத்தம் 11 படம். அதில் ஒன்று புளியமரம். "இது என்ன?" "ஒருத்தர் பொறந்த ஊர் ஸார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை பார்த்தார். கதையைச் சொன்னேன். லஞ்ச் டயம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியும் யாரையும் விரட்டவில்லை.

போன வாரம் தம்பி ஓசூரிலிருந்து போன் பண்ணினார். ஊருக்கு ரோடு போட அளவெடுக்க ஆள் வந்திருந்தார்களாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கல் நட்டுவிட்டார்கள், அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, அண்ணன் இப்போதே பைக்குக்கு விலை விசாரிக்கிறான் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில்தான் அதைச் சொன்னார்.

"வெட்ட வேண்டிய மரத்துக்கெல்லாம் பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்காங்க ஸார். நம்ம புளியமரம் 43. வெட்றதுக்குள்ள ஒரு தபா வந்துட்டுப் போங்க. அக்கவுண்ட்ஸ் ஸாரையும் கூட்டிட்டு வாங்க, அவர் உக்காந்த பாறை இருக்கும்னு சொல்றாங்க."